பேர் கேட்காத ஒரு பெட்டி

கோரிமேட்டில் எங்கள் அறை இருக்கும் தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜிப்மர். திண்டிவனம் சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் தமிழ்நாட்டு எல்லை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து அடிபட்டவர்களும் நோயாளிகளும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். உடன் வருகிறவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். சாதித் தாக்குதலில் மண்டை உடைந்து வருகிறவர்களின் சொந்தக்காரர்களை நாங்கள் சந்திப்பது அந்த மரத்தடியில்தான். நாங்கள் நான்கு பேர். எங்கள் அமைப்பு பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஒரு வாடகை அறை, இரண்டு கணினி, ஒரு வழக்கறிஞர் தோழரின் தொலைபேசி எண், அவ்வளவுதான்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு அம்மாவைப் பார்த்தோம். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். மகனுக்குத் தலையில் தையல். பேசிக்கொண்டிருக்கும்போதே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏம்மா, அடிச்சத எங்க பக்கத்து வூட்டுப் பையன் செல்லுல புடிச்சி வச்சிருக்கான். ஆனா அவன் பேர எங்கியும் சொல்லிடாத. நாளைக்கி அவன் அவங்க நெலத்துக்குத்தான கூலிக்கிப் போவணும்."

அந்தப் பையனிடம் போனில் பேசினோம். அனுப்பத் தயார் என்றான். "எப்படிக்கா அனுப்பறது? வாட்ஸப்ல போட்டா என் நம்பர் வந்துடுமே?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை.

தோழர்களே, எம்.ஏ. சமூகவியலில் மூன்று பருவம் ஆய்வு முறையியல் படித்தவர்கள் நாங்கள். தகவல் தருகிறவரின் அடையாளத்தைக் காப்பது ஆய்வாளரின் கடமை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பத்தொன்பது வயதுக் கூலிக்காரப் பையன் கேட்ட ஒரு நேரான கேள்விக்கு முன்னால் அந்தப் படிப்பு வாயடைத்து நின்றது.

அவசரத்தில் ஒரு தப்பான காரியம் செய்தோம். இலவசமாகக் கிடைக்கிற இணையச் சேமிப்பில் ஒரு ஃபோல்டர் திறந்து, "லிங்க் வைத்திருக்கும் யாரும் போடலாம்" என்று அனுமதி கொடுத்தோம். அந்த லிங்கை அவனுக்கு மட்டும் அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேறு இரண்டு ஊர்க்காரர்களுக்கும், ஒரு கல்லூரி மாணவிக்கும் அதே லிங்கைக் கொடுத்துவிட்டோம். இரண்டாம் நாள் இரவு அந்த மாணவி கூப்பிட்டாள். "அக்கா, நான் என் விடுதி விஷயத்தப் போடப் போனேன். உள்ள வேற யாரோட சாதிச் சான்றிதழோ இருக்கு. எங்க பெரியப்பா ஊரு பேருல ஒரு ஃபைலும் இருக்கு. நான் போடறதையும் எல்லாரும் பாப்பாங்களா?"

ஆமாம், பார்ப்பார்கள். போடுகிறவர் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரிதான் நாங்கள் திறந்து வைத்திருந்தோம். அந்த நிமிடமே மூடினோம். யாருக்கும் கேடு வந்ததாகத் தெரியவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். எங்கள் கவனத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். எங்களுக்கு என்ன வேண்டும்? கணக்கு இல்லாத, பதிவு செய்யாத, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர், தன் பேரையும் எண்ணையும் சொல்லாமல் ஒரு ஃபைலை எங்களிடம் சேர்க்க வேண்டும். அவர் போடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. போட்ட பிறகு அவரே கூட எடுக்க முடியக் கூடாது. கோயில் உண்டியலைப் போல. ஆனால் கோயிலுக்குள் நுழைய விடாதவர்களுக்கான உண்டியல்.

இது ஏதோ தொழில்நுட்பப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். வன்கொடுமை வழக்குகளில் கைபேசிப் பதிவும் கண்காணிப்புக் கேமராப் பதிவும் என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பின்வாங்கிய அந்த வழக்கில், திருச்செங்கோடு கோயிலின் கேமராப் பதிவு சாட்சியாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டவர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டதைக் காட்டியதும் ஒரு கேமராதான். மனிதர் பின்வாங்கலாம், பின்வாங்க வைக்கப்படலாம். பதிவு பின்வாங்காது, அது அழிக்கப்படாத வரை.

மறுபக்கமும் உண்டு. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதையொட்டி வழக்கோடு தொடர்புடையவை என்று சொல்லப்பட்ட ஒலிப்பதிவுகளும் படங்களும் சமூக ஊடகங்களில் சுற்றின. அந்த மக்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள், மத்தியப் புலனாய்வு கேட்டார்கள். வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. சேரிக்காரர் கைபேசியில் இருக்கிற ஒன்று யார் கைக்குப் போகிறது, எந்த முனையில் வெட்டப்பட்டு ஊர் முழுக்கப் பரவுகிறது என்பதும் அதிகாரம் சம்பந்தப்பட்ட கேள்விதான்.

வாட்ஸப்பையே எல்லாவற்றுக்கும் நம்புகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வழியில் யாரும் படிக்க முடியாதபடி அது பூட்டித்தான் அனுப்புகிறது, உண்மை. ஆனால் அனுப்புகிறவர் எண் நம் கையில் வந்துவிடுகிறது. நம் கைபேசியைப் பிடுங்கினால் அவர் எண்ணும் போய்விடும். இன்னொன்று, படமாகவோ வீடியோவாகவோ அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. எப்போது, எங்கே எடுத்தது என்று ஃபைலுக்குள் இருக்கும் குறிப்புகளும் போய்விடுகின்றன. வந்து சேர்வது நகல்தான், மூலம் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள், மூல ஃபைல் அப்படியே வரும். எடுத்த கைபேசியிலிருந்து மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலில் எங்கள் பொறியாளர் நண்பர் ஒருவர் எஸ்.எஃப்.டி.பி. முறையில் அமைத்துக் கொடுத்தார். பெரிய நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று ஃபைல் அனுப்பிக்கொள்ளும் பாதுகாப்பான வழி அது. போடலாம், பட்டியலைப் பார்க்க முடியாது என்று ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி மட்டும் கொடுத்து, வாசிக்கும் அனுமதியை எடுத்துவிட்டார். அருமையாக வேலை செய்தது, அவருடைய மடிக்கணினியில். ஆனால் அதற்குப் பயனர் பெயர் வேண்டும், தனிச் செயலி வேண்டும், சாவி ஃபைலோ பாஸ்வேர்டோ வேண்டும். ஒரு துப்புரவுத் தொழிலாளி அக்காவிடம் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத நான் கத்துக்கறதுக்குள்ள எனக்கு வேலையே போயிடும் கண்ணு" என்றார். அன்றோடு அதை விட்டோம். அனுப்புகிறவர் தலையில் சுமையை ஏற்றுகிற எந்தப் பாதுகாப்பும் நம் மக்களுக்கு உதவாது. சுமை முழுவதும் நம் பக்கம் இருக்க வேண்டும்.

உலகத்தில் இதற்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞர், பத்திரிகையாளர் கெவின் பால்சனோடு சேர்ந்து, பேர் சொல்லாமல் ஆவணம் போடும் பெட்டி ஒன்றை உருவாக்கினார். 2013 ஜனவரியில் ஆரோன் இறந்துபோனார். அதே வருடம் மே மாதம் நியூயார்க்கர் பத்திரிகை அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு 'செக்யூர்டிராப்' என்ற பெயரில் உலகின் பல செய்தி நிறுவனங்களில் ஓடுகிறது. அதில் போடுகிறவருக்குப் பேர் கிடையாது, சில சொற்களைக் கோத்த ஒரு இரகசியப் பெயர் தரப்படும். அதைச் சொல்லித் திரும்ப வந்து பதில் படிக்கலாம். இத்தாலியத் தோழர்கள் உருவாக்கிய 'குளோபாலீக்ஸ்' பதினாறு இலக்க ரசீது எண் ஒன்றைத் தருகிறது. இரண்டுமே யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை. எங்களுக்குக் கையும் காசும் ஆளும் போதாது. ஆனால் அந்த ரசீது யோசனையை எடுத்துக்கொண்டோம்.

கடைசியில் செய்தது இதுதான். சிறு வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, அதில் 'நெக்ஸ்ட்கிளவுட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். அதில் ஒரு ஃபோல்டருக்கு 'போட மட்டும்' என்று லிங்க் கொடுக்கும் வசதி இருக்கிறது. லிங்கைத் தொட்டால் சாதாரணப் பக்கம் ஒன்று திறக்கும். ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் போய்விடும். கணக்கு வேண்டாம், செயலி வேண்டாம். உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. இரண்டு பேர் ஒரே பெயரில் ஃபைல் போட்டாலும் ஒன்று மற்றொன்றை அழிக்காது.

அமைக்கும்போது கற்றதைச் சொல்கிறோம், உங்களுக்குப் பயன்படும்.

எல்லோருக்கும் ஒரே லிங்க் கொடுக்காதீர்கள். ஒரு பிரச்சினைக்கு ஒரு லிங்க், ஒரு ஃபோல்டர். ஒன்று கசிந்தால் அதை மட்டும் மூடலாம். ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதி வையுங்கள். பாஸ்வேர்டை லிங்கோடு சேர்த்து எழுதி அனுப்பாதீர்கள், வாயால் சொல்லுங்கள். தமிழில் நினைவிருக்கிற மாதிரி ஒரு சொல், இரண்டு எண் போதும்.

இணைய முகவரிக்கு இயக்கப் பெயரை வைக்காதீர்கள். பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது பூட்டிக் கிடந்தாலும், எந்த முகவரிக்குப் போனார் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும். கடன் வாங்கிய கைபேசியிலும் பிரவுசிங் சென்டரிலும் வரலாறாகப் பதிந்து கிடக்கும். எங்கள் முகவரி ஏதோ விதைக் கடை மாதிரி இருக்கும். அனுப்பிய பிறகு அந்த வரலாற்றை எப்படி அழிப்பது என்று பக்கத்திலேயே நான்கு வரி தமிழில் எழுதி வைத்திருக்கிறோம்.

பெரிய ஃபைல் வருமா என்று முதலிலேயே சோதித்துப் பாருங்கள். சர்வரில் முதலில் இருக்கும் அளவு வரம்பு சிறியது. நாங்கள் சோதிக்காமல் விட்டதில் ஒருவர் மூன்று முறை முயன்று கைவிட்டார். அவர் செலவழித்தது நூறு ரூபாய் டேட்டா. நமக்கு அது அமைப்புக் கோளாறு, அவருக்கு அரை நாள் சாப்பாடு.

ரசீதுக்கு எங்கள் வழி: போடுகிறவர் தன் ஃபைலுக்கு ஒரு பூவின் பெயரும் தனக்குப் பிடித்த மூன்று எண்ணும் வைக்க வேண்டும். பிறகு எந்தப் போனிலிருந்தாவது கூப்பிட்டு அந்தப் பூவையும் எண்ணையும் சொன்னால் போதும். யார் என்று கேட்க மாட்டோம்.

இதெல்லாம் போடுகிற பக்கம். வாங்குகிற பக்கத்தில் ஆபத்து வேறு மாதிரி. யார் வேண்டுமானாலும் போடலாம் என்றால், நம்மைக் கெடுக்க நினைக்கிறவரும் போடலாம். பீமா கோரேகான் வழக்கை நினைத்துப் பாருங்கள். ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் அர்செனல் நிறுவனம் 2021 பிப்ரவரியில் ஒரு அறிக்கை தந்தது. 2016ல் ஒரு மின்னஞ்சல் வழியாக உளவு மென்பொருள் உள்ளே நுழைந்தது, அதன் மூலம் அவருக்கே தெரியாமல் ஆவணங்கள் அந்தக் கணினியில் வைக்கப்பட்டன என்று அது சொன்னது. என்.ஐ.ஏ. அதை ஏற்கவில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் அதைப் படித்துவிட்டு ஒரு ஃபைலை அலட்சியமாகத் திறக்க முடியாது.

ஆகவே பெட்டியில் வருவதை வேலைக் கணினியில் திறப்பதில்லை. அதற்கென்றே பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. லினக்ஸ் போட்டது, இணையத்தோடு சேர்க்கவே மாட்டோம். வேர்டு, பி.டி.எஃப். ஃபைல்களை 'டேஞ்சர்ஸோன்' என்ற இலவச மென்பொருள் வழியாக வெறும் படங்களாக மாற்றித்தான் படிக்கிறோம். இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்கிறோம். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன ஃபைல் என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.

அந்த நோட்டில் இன்னொரு வரியும் உண்டு. வந்த உடனே, திறப்பதற்கு முன்பே, ஃபைலின் 'ஹாஷ்' மதிப்பை எடுத்து எழுதுகிறோம். அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கலந்த கைரேகை அது. வீடியோவில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுதும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்புக்கு இடம் இருக்கிறது. முதல் பகுதியில் கருவியைக் கையாண்டவரும் இரண்டாம் பகுதியில் வல்லுநரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கேதான், இளைய தோழர்களே, நாங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். கையெழுத்து என்றால் பேர். பேர் கேட்காத பெட்டி நம்மை நீதிமன்ற வாசல் வரைக்கும் கொண்டுபோகும். உள்ளே போக ஒரு மனிதர் வேண்டும். செய்தியாகவும் துப்பாகவும் வருவது வேறு, சாட்சியாக நிற்பது வேறு. முதலாவதைக் காட்டி ஆசைப்படுத்தி, இரண்டாவதற்கு யாரையும் இழுத்துவிடக் கூடாது. சாட்சி சொல்ல முன்வருகிறவர்களுக்கு 2015 திருத்தத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவைச் சொல்லிக்கொடுங்கள். பாதுகாப்பு, பயணச் செலவு, தங்க இடம் எல்லாம் அதில் உரிமை. பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம். சட்டத்தில் இருக்கிறது, நாம் கேட்க வேண்டும்.

அதே போல "நீங்கள் யார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2022 ஏப்ரல் 28 செர்ட்-இன் உத்தரவு, சர்வர் சேவை தருகிறவர்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. எந்த இணைப்பிலிருந்து வந்தது என்பது எங்கோ ஒரு இடத்தில் இருக்கத்தான் செய்யும். எங்கள் பெட்டி மறைப்பது ஊர்க்காரர்களிடமிருந்து, முதலாளியிடமிருந்து, போடுகிற மற்றவர்களிடமிருந்து, எங்களிடமிருந்தே கூட. அரசிடமிருந்து மறைக்கும் என்று நாங்கள் சொல்வதில்லை. பக்கத்தின் முதல் வரியிலேயே அதைத் தமிழில் எழுதியிருக்கிறோம். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுகிறவர்களுக்கு 'டோர்' வழியாகப் போகும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரே கருவியை நம்பவும் கூடாது. கணக்கு இல்லாமலே பெரிய ஃபைல் அனுப்ப வசதியாக இருந்த வீடிரான்ஸ்ஃபர் தளத்தை, தேச நலன், பொது நலன் என்று காரணம் சொல்லி 2020 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை முடக்கச் சொன்னது. ஊரடங்கு நேரம் அது. 2023 மே மாதம் பிரையர், எலிமெண்ட், திரீமா உள்ளிட்ட 14 செயலிகள் முடக்கப்பட்டன. இன்று திறந்திருக்கும் வழி நாளைக்கு மூடப்படலாம். எங்கள் சுவரில் இரண்டாவது வழி எழுதி ஒட்டியிருக்கிறது: பென்டிரைவ், ஒரு உறை, மரத்தடி.

இன்னொரு எச்சரிக்கை. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி எதுவும் வந்தால், அதை வைத்துக்கொண்டு யோசிக்க நமக்கு உரிமை இல்லை. போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட படத்தை நகல் எடுப்பதும் அடுத்தவருக்கு அனுப்புவதும் குற்றம், நல்ல எண்ணத்தோடு செய்தாலும். உடனே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

இந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் வருகிறது. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் சேரிக் கிறித்தவர்களைத் தனியே பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் கூட்டமாகப் போய்ப் பாதிரியாரிடம் முறையிட்டார்கள், அவர் சுவரை இடிக்கச் செய்தார். நமக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தது சாதி இந்து துபாஷி ஒருவர் எழுதிய நாட்குறிப்பு வழியாக, அவருடைய பார்வையில். நம் மக்கள் எப்போதும் முறையிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கையால் எழுதியதை, அவர்கள் சொன்னபடியே வாங்கி வைக்க ஒரு இடம்தான் இல்லாமல் இருந்தது. 1893ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியபோது அந்த இடம் கொஞ்சம் உண்டானது. எங்கள் பெட்டி அந்தப் பெரிய வேலையின் முன்னால் தூசி. ஆனால் வகை அதே வகை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்தக் கிராமத்துப் பையனின் வீடியோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டி தயாராக மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஊரில் யாரோ மோப்பம் பிடித்து, அவன் கைபேசியை வாங்கிப் பார்த்து, அழிக்க வைத்துவிட்டார்கள். அவனை அடிக்கவில்லை. "இனிமே வேலைக்கி வர வேணாம்" என்று மட்டும் சொன்னார்களாம். மூன்றாம் நாள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாவின் வழக்கு மருத்துவச் சான்றையும் அவர் வாக்குமூலத்தையும் நம்பி நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை அவரைப் பார்க்கும்போதும் அந்த மூன்று வாரம் எங்கள் தொண்டையில் நிற்கிறது. எல்லையைக் காட்டி அலைக்கழிப்பார்களே என்று பயந்துகொண்டிருந்தோம். எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்பது பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவில் இருக்கிறது. மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அரசு வைத்திருக்கும் பெட்டி அப்படி, பேர் கேட்கும்.

எங்கள் பெட்டிக்கு முதலில் வந்தது ஒரு வருகைப் பதிவேட்டின் படங்கள். 'செம்பருத்தி' என்று போட்டிருந்தது. முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து, கையில் தருவது குறைவு என்று காட்டும் பக்கங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை, ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "செம்பருத்தி நாந்தாம்மா. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. யோசித்து முடிவெடுக்க அவருக்கு இரண்டு மாதம் தேவைப்பட்டது. அந்த இரண்டு மாதத்தை அவருக்குக் கொடுக்க முடிந்ததுதான் பெட்டியால் கிடைத்த பயன் என்று நினைக்கிறோம்.

இப்போது எங்களிடம் ஒரு பிரச்சினை இருக்கிறது, உங்களிடம் கேட்கிறோம். வேலை முடிந்தவற்றை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. சர்வரில் முப்பது நாளுக்கு மேல் எதுவும் இருக்காது. தேவையானதைப் பூட்டிய வட்டுக்கு மாற்றுவோம், அதன் பாஸ்வேர்டில் பாதி ஒருவரிடம், பாதி இன்னொருவரிடம். யாரும் கேட்டு வராத ஃபைலை ஆறு மாதத்தில் அழிப்போம் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். 'கனகாம்பரம்' என்று ஒரு ஃபைல் வந்தது. ஒலிப்பதிவு. ஒரு பெண் தன் கணவன் வீட்டார் சாதியைச் சொல்லித் தன்னை என்ன செய்தார்கள் என்று பதினோரு நிமிடம் பேசுகிறார். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. கடைசியில் "நான் மறுபடி பேசறேன்" என்று முடிகிறது. இது வரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதத்தோடு ஆறு மாதம் முடிகிறது.

அழித்தால் அவர் திரும்ப வரும்போது கையில் எதுவும் இருக்காது. அழிக்காவிட்டால் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறோம், அவர் குரல் என்றாவது தவறான கைக்குப் போகவும் கூடும். எங்களில் இரண்டு பேர் வைத்திருக்க வேண்டும் என்கிறோம், இரண்டு பேர் அழிக்க வேண்டும் என்கிறோம். சட்டம் படிக்கிறவர்கள், கணினி படிக்கிறவர்கள், இந்த வேலையில் எங்களைவிட அதிக நாள் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். அதுவரை அந்த எண்ணுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெய் பீம்.